அன்றைய உதாரணம்

"இன்னைக்கு நீங்க பேசின செய்தியைக் கொஞ்சம் போடுங்களேன். உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள கேட்டுக்கிறேன்" என்றாள் மனைவி.

மருத்துவமனைக் கட்டிலில் பச்சை அங்கி போட்டுப் படுத்திருந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போக எந்த நிமிடமும் ஆள் வரலாம்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சட்டைப் பையில் இருந்த போனைக் கையால் பொத்திக்கொண்டார். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றார்.

பொய். சொல்லி முடிப்பதற்குள் போன் பைக்குள் இருந்தபடியே அதிர்ந்தது. யாரோ ஒருவர் 'ஆமென்' போட்டிருப்பார்.

சபையில் அவருக்கு 'மன்னா அண்ணன்' என்று பெயர்; பைபிளில் தினமும் வானத்திலிருந்து விழுந்த உணவுதான் மன்னா. கடைக்குக் கிளம்புமுன் தினமும் ஒரு தேவசெய்தியைத் தன் குரலில் பதிந்து சபைக் குழுவுக்கு அனுப்புவார். கண்ணில் படுவதெல்லாம் அவருக்குப் பாடம்தான். அறுந்த செருப்பு வாரில் தாழ்மையைக் கண்டார். மூக்குக்கண்ணாடியில் படிந்த தூசியில் பாவத்தைக் கண்டார்.

ஒருமுறை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மனிதர் அடுப்பை அணைக்காமல், 'நிரம்பி வழியும் கிருபை' என்று தலைப்பு யோசித்தபடி நின்றார்.

அந்தக் கிருபையைத் துடைத்தெடுத்தவள் மனைவி. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் அந்தச் செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டவளும் அவள்தான்.

அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்யும்போது வீடு மூச்சுவிடக் கூடாது. அவர் போட்ட சட்டம் இல்லை, அவளாகவே போட்டுக்கொண்டது. குழாயை மூடிவிடுவாள். இருமல் வந்தால் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு மாடிப்படிக்கு ஓடுவாள்.

இன்று காலை சமையலறையில் சிந்திக் கிடந்த தண்ணீரில் கால் வழுக்கி விழுந்தாள்.

விழுந்த வேகத்தில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அப்புறம்தான் அவர் பதிவு செய்துகொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை தரையிலேயே கிடந்தாள்.

அவரும் நிதானமாக முடித்து, செய்தியை அனுப்பிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

இவ்வளவு நேரம் ஏன் கீழேயே கிடக்க விட்டீர்கள் என்று டாக்டர் கடிந்துகொண்டபோது, அவர் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள். "அவர் மேல தப்பு இல்ல டாக்டர். கதவு சாத்தியிருந்துச்சு, அவருக்குக் கேட்டிருக்காது."

அவர் தலையாட்டினார். விஷயம் தெரிந்து மைத்துனி பதறியடித்துக்கொண்டு வந்தபோதும் அதற்கே தலையாட்டினார். ஒரு தடவை ஆட்டிய தலையை அப்புறம் நிறுத்தவா முடியும்?

அவளை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோயிருந்த சமயம், வராந்தாவில் நின்று அந்தச் செய்தியை அழித்துவிடப் பார்த்தார். விரலும் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, 'இன்றைய உதாரணம் ரொம்பப் பிரமாதம் அண்ணா, இப்படி உங்களுக்கு மட்டும்தான் தோன்றும்' என்று பாடகர் குழுத் தலைவர் எழுதினார்.

விரல் தானாக விலகிக்கொண்டது. தன் மனைவி வலியில் துடிக்கும் நேரத்திலும் அந்தப் பாராட்டு உள்ளே இனித்ததே, அதை நினைத்தால்தான் அவருக்கு இப்போது உடம்பு கூசியது.

பயமாக இருக்கிறது என்றாள் மனைவி. அவர் குரலைக் கேட்டுவிட்டுப் போனால் தெம்பாக இருக்கும் என்றாள்.

செய்தி எதற்கு, நானே பக்கத்தில் இருந்து ஜெபம் பண்ணுகிறேன் என்று அவர் அவசரமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். பிதாவே என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. மைக் கிடைத்தால் ஆராதனையையே அரை மணி நேரம் நீட்டிவிடுகிற மனிதர்.

"என் போன்ல இருக்கே அத்தான். நானும் இன்னும் கேட்கல" என்று மைத்துனி தன் கைப்பையைத் துழாவினாள்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார். அதற்குள் அவள் போனை அக்காவின் காதருகே வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

அவருடைய குரல் கணீரென்று எழுந்தது. தனிமையில் ஆண்டவரோடு பேசுவதைப் பற்றி, கதவின் தாழ்ப்பாளை உதாரணம் காட்டி அழகாகத் தொடங்கியது. மனைவியின் முகம் மெல்லத் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

தொம்மென்று ஒரு சத்தம். ஏதோ பாத்திரம் உருண்டு ஓடியது. அதற்குப் பின்னால், தூரத்தில், "என்னங்க!"

குரல் ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு சின்னச் சிரிப்போடு தொடர்ந்தது.

"கேட்டீங்களா பிரியமானவர்களே? கதவைச் சாத்த வேண்டியதுதான், உடனே வெளியில ஏதாவது ஒண்ணு நம்மளைக் கூப்பிடும். சத்துரு இப்படித்தான் வருவான். எழுந்து போயிடாதீங்க."

மைத்துனி போனை அணைத்தாள். தள்ளுகட்டிலோடு ஆட்கள் வந்து நின்றார்கள்.

மனைவி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். சாப்பிட்டீங்களா என்று தினமும் கடைக்குப் போன் பண்ணிக் கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"