நிலவறைத் தொலைபேசி

"இந்தப் பெட்டி இன்னிக்குள்ள வாயை மூடணும்மா. இல்லேன்னா என் மக என்னை முதியோர் இல்லத்துல தள்ளிடுவா" என்றார் ஆர்னி ஹால்வர்சன்.

சமையலறைச் சுவரில் இருந்த திருட்டைத் தடுக்கும் அலாரப் பெட்டி மஞ்சள் விளக்கைச் சிமிட்டியபடி விட்டு விட்டு முனகிக்கொண்டிருந்தது. வடகோடி ஊரான டுலூத்தில் ஜனவரி மாதம். ஜன்னலுக்கு வெளியே ஏரி, கரையோரம் முழுக்க உறைந்து கிடந்தது.

அலாரக் கம்பெனியிலிருந்து வந்த ரோண்டா, பனி ஒட்டிய பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வாரமா. ராத்திரி கத்தும், கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும். இன்னிக்குப் பொழுது விடிஞ்சும் அடங்கல. போனும் செத்துப்போச்சு. தபால்காரர்கிட்ட சொல்லித்தான் உங்க ஆபீசுக்குத் தகவல் அனுப்பினேன்."

"கத்துறது நல்லதுதான் சார். போன் லைன் இல்லேன்னு சொல்லுது. திருடன் வந்தாலும் சரி, நீங்க விழுந்து கழுத்துல தொங்குற அந்தப் பொத்தானை அமுக்கினாலும் சரி, இது போன் வழியாத்தான் எங்களைக் கூப்பிடணும். லைன் போச்சுன்னா ஊமை."

"கார்லாவும் அதையேதான் சொன்னா. என் மக. எனக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன பிறகு, பண்டிகை வான்கோழி விருந்துல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா. அலாரம் இன்னொரு தடவை கெட்டா வீட்டை வித்துட்டு என்னை இல்லத்துல சேர்த்துடுவாளாம். அவ புருஷன் டாம் வாயில கறியை வச்சுக்கிட்டே தலையாட்டினான்."

ரோண்டா சிரித்துக்கொண்டே அலாரத்தின் போன் ஒயரைச் சுவரிலிருந்து உருவினாள். சமையலறை போனை எடுத்துக் காதில் வைத்தாள். பிறகு ஒயரைத் திரும்பச் சொருகினாள்.

"இன்னும் டயல் டோன் இல்ல. அப்போ எங்க அலாரத்து மேல பழி இல்ல. வெளிய பார்த்துட்டு வரேன்."

திரும்பி வந்தபோது அவள் புருவத்தில் பனி.

"வெளிச்சுவர்ல இருக்குற டெலிபோன் பெட்டியில என் டெஸ்ட் போனைச் சொருகிப் பார்த்தேன். டயல் டோன் கணீர்னு இருக்கு. கோளாறு வீட்டுக்குள்ளதான்." சற்றுத் தயங்கினாள். "சார், பின்வாசல்ல ராத்திரி பெஞ்ச புதுப் பனியில காலடித் தடம் இருக்கு. வெளிய போன தடம் மட்டும்தான். உள்ள வந்த தடத்தைக் காணோம்."

"திருடனா இருந்தா, இங்க எடுக்க ஒண்ணுமில்லேன்னு திரும்பிப் போயிருப்பான்" என்றார் ஆர்னி. "நீங்க போனைப் பாருங்க."

"வீட்டுல வேற எங்கெல்லாம் போன் இருக்கு?"

"படுக்கையறையில ஒண்ணு. கீழ நிலவறையில, என் பழைய பட்டறையில ஒண்ணு."

படுக்கையறை போன் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

"கீழ யார் போவாங்க?"

"கார்லாதான். தினமும் சாயங்காலம் வந்து எனக்குச் சூப்பைச் சுட வச்சுக் குடுப்பா. அப்புறம் கீழ போய் ஹீட்டரைப் பார்த்துட்டு, அப்படியே பின்வாசல் வழியாப் போயிடுவா. நான் ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தப் படியில கால் வச்சதில்ல."

ரோண்டா இறங்கினாள். ஆர்னி நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து படிக்கட்டின் மேல்முனையில் நின்றார். கீழே காலடிச் சத்தம் நின்றது. பிறகு பெட்டியின் முனகல் அடங்கியது. விளக்கு பச்சையாக மாறியது.

ரோண்டா மெதுவாக மேலே ஏறி வந்தாள்.

"ரிசீவர் சோபா மேல கிடந்தது. பேசிட்டு வைக்கல. அதான் லைன் முழுக்க அடைச்சுக்கிச்சு. சார், கீழ யாரோ..."

முன்கதவு திறந்தது. பள்ளிச் சமையற்கூடத்து உடையோடு கார்லா உள்ளே வந்தாள். கையில் காய்கறிப் பை.

"வெளிய வேன் நிக்குது. என்னாச்சுப்பா?"

"போன் லைன்ல கோளாறு" என்றாள் ரோண்டா.

கார்லாவின் முகம் வெளுத்தது. "எங்க கோளாறு?"

ரோண்டா வாயைத் திறப்பதற்குள் ஆர்னி முந்திக்கொண்டார்.

"நான்தான் கோளாறு. கீழ போய் யார்கிட்டயோ பேசினேன். ரிசீவரை வைக்க மறந்துட்டேன்."

"நீங்க கீழ போனீங்களா?"

"போனேன். நீ அன்னிக்குச் சொன்னது சரிதான். இனிமே நான் தனியா இருக்கறது சரிப்படாது."

ரோண்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சற்று முன்புவரை மன்றாடிக்கொண்டிருந்த மனிதர், ஜெயித்த வழக்கைத் தானே தோற்றுக்கொண்டிருந்தார்.

"அப்போ, இல்லத்துக்கா?" கார்லாவின் குரல் எழும்பவே இல்லை.

"அங்க போய் பிங்கோ ஆடியே சாகச் சொல்றியா? நீ இங்க வந்து இரு. மாடியில உன் அறை சும்மாதான் கிடக்கு. ஊர்ல யாரும் கேட்டா, கிழவன் பிடிவாதம் பிடிச்சான்னு பழியை என் மேல போடு."

கார்லா பையை மேசையில் வைத்தாள். அதிலிருந்த வெங்காயம் ஒன்று உருண்டு போனது. அவள் எடுக்கவில்லை.

"உங்களுக்காக வேணா வரேன்ப்பா" என்றாள். பிறகு, "கார்ல இன்னொரு பை இருக்கு" என்று வேகமாக வெளியே போனாள்.

ரோண்டா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எதுக்கு சார் பொய்? அந்தப் படியில உங்களால ஒரு அடி இறங்க முடியாது."

ஆர்னி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். கார்லா காரைத் திறக்கவே இல்லை. அதன் மேல் சாய்ந்து நின்று, கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரமா ராத்திரியில அவ போன்ல டாம்கிட்ட பேசி அழற சத்தம் ஹீட்டர் குழாய் வழியா என் கட்டிலுக்கு வருதும்மா. என்னால இறங்கிப் பார்க்க முடியல. அக்கம்பக்கத்துல யாரையாவது அனுப்பினா ஞாயித்துக்கிழமை சர்ச் முழுக்கத் தெரிஞ்சிடும். அதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்ற ஆர்னி, அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "சொல்லுங்க, கீழ அவளுக்குப் போத்திக்கக் கம்பளி இருக்கா?"