அணிக்குச் சொந்தமான தோள்

எபிநேசரின் வலது தோளில் இருந்த தசை, அவன் ஆடிய அணி ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தியது. அதைக் கொண்டுதான் இத்தனை வருடம் வேகப்பந்து வீசினான். அரையிறுதியில் அது கிழிந்துவிட்டது.

"ஆறிடும் எபி. கைய அசைக்காம இருங்க," என்றார் அணியின் மருத்துவர் கமருதீன்.

"அடுத்த சீசனுக்கு என்னை வச்சுக்குவாங்களா டாக்டர்?"

"இன்னும் முடிவு பண்ணல. விட்டுட்டா, தசைய எடுத்து வேற பௌலருக்கு வச்சிடுவாங்க."

"அப்போ என் கை?"

"தோளுக்கு மேல எழும்பாது," என்றார் அவர், அவன் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மூன்று வயது மகள் ஜெனி ஓடிவந்து, தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டினாள்.

"அப்பாவுக்கு வலிக்கும்டி," என்று தடுத்தாள் மனைவி ரோஸ்லின்.

"முடியிற வரைக்கும் தூக்கிக்கிறேனே," என்று தோள்கட்டை அவிழ்த்தான் எபிநேசர். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவளைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"இன்னும் மேலப்பா," என்றாள் ஜெனி.