கார் கதவு

"கண்ணுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் பூசுங்க. நீலம் தெரியுது" என்றார் மேடம்.

ஒப்பனைக்காரப் பெண் ஒரு பவுடர் டப்பாவைத் திறந்தாள்.

"அது வேண்டாம். ஒத்துக்காது, முகமெல்லாம் தடிச்சுப் போயிடும்."

இதையெல்லாம்கூட விசாரித்து வைத்திருக்கிறாரே என்று வியந்தபடி அவள் வேறு டப்பாவை எடுத்தாள். சும்மாவா இவ்வளவு பெரிய பதவிக்கு வந்திருக்கிறார்!

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் கட்சித் தலைவரின் மருமகள். முந்தின நாள், வீங்கிய முகத்தோடு, காலில் செருப்புகூட இல்லாமல் அவள் தெருவில் ஓடியதை யாரோ செல்போனில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். தலைவரின் மகன் பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று ஊரே பேசியது. அடுத்த வாரம் தேர்தல்.

மேடம் கட்சியின் செய்தித் தொடர்புத் தலைவி. ஆண்களே உட்கார்ந்து பழகிய அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். எத்தனையோ பேர் காலை வாரிவிடப் பார்த்தும் அசையாமல் நின்றவர். "இதை உங்களால மட்டும்தான் சரிக்கட்ட முடியும்" என்று தலைவர் காலையில் கூப்பிட்டுச் சொன்னபோது, "பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"ஆரம்பிக்கலாம்மா."

மருமகள் கேமராவைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லை. குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். அதுக்குள்ள..."

"நிறுத்து. அடி வாங்கினவங்க எல்லாரும் குளியலறையிலதான் வழுக்குறாங்க. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. கார் கதவு இடிச்சிடுச்சுன்னு சொல்லு. வலி தாங்காம ஓடினேன்னு சொல்லு."

கேமராமேன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை, "என் கணவர் தங்கமானவர்" என்ற இடத்தில் கண்ணில் நீர் முட்டியது.

"அழாதம்மா. அழுதா பண்ணினதெல்லாம் வீண். தண்ணி குடிச்சுட்டு மறுபடி சொல்லு."

குடித்தாள். மறுபடி சொன்னாள். கார் கதவு வந்தது, தங்கமான கணவர் வந்தார், கடைசி வரியும் வந்தது. "என்னைப் பெத்தவங்களும் என் கணவர் பக்கம்தான்..."

அங்கே நின்றுவிட்டாள். முதல் தடவையாக மேடத்தின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த வரி வேணுமா?"

"அதுதான் முக்கியம். அது இல்லேன்னா மத்ததை யாரும் நம்ப மாட்டாங்க."

"அது உண்மையா?"

மேடம் குனிந்து, அவளுடைய முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டார். அங்கேயும் விரல் தடங்கள் இருந்தன. பிறகு கேமராமேனுக்குக் கை காட்டினார்.

இந்த முறை அவள் எங்கேயும் திக்கவில்லை. முடிவில் யாரும் சொல்லாமலே லேசாகச் சிரிக்கவும் செய்தாள். கேமராமேன் விளக்குகளை அணைத்து மூட்டை கட்டுவதற்குள் வீடியோ எல்லா சேனல்களுக்கும் போய்விட்டது.

மேடத்தின் போன் அடித்தது. தலைவர்.

"பிரமாதம்! ஜெயிச்சதும் செய்தித் துறை மந்திரி நீங்கதான். நான் வாக்கு குடுத்துட்டேன்."

"நன்றி, தலைவரே" என்றார் மேடம். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

கீழே காரின் ஹார்ன் ஒலித்தது. மனைவியைக் கூட்டிப் போகத் தலைவரின் மகனே வந்திருந்தான். பொறுக்காமல் மறுபடியும் நீளமாக அடித்தான்.

மருமகள் எழுந்து கதவு வரை போனாள். கைப்பிடியில் கை வைத்தவள் திறக்கவில்லை. விடுவிடுவென்று திரும்பி வந்து மேடத்தின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா... நான் உன்கூட நம்ம வீட்டுக்கே வந்துடட்டுமா?"