செண்பகவல்லியின் கட்டைவிரல்

அறையைச் சுத்தம் செய்பவர் பெட்டியைச் சோதித்துப் பூட்டில் தன் கட்டைவிரலை வைத்தால்தான் விருந்தினர் வெளியேறக் கதவு திறக்கும். திருட்டைத் தடுக்க எல்லா ஓட்டல்களிலும் இப்போது அப்படித்தான்.

பெட்டியோடு நின்றவரைச் செண்பகவல்லிக்கு அடையாளம் தெரிந்தது. பழைய மேனேஜர் துரைசிங்கம். யாரோ மோதிரத்தைத் தொலைத்ததற்கு, அத்தனை பேர் முன்னால் அவளுடைய டிபன் பாக்ஸைக் கொட்டச் சொன்னவர். மோதிரம் தலையணைக்கடியில் கிடைத்த பிறகும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாதவர்.

"டிபன் பாக்ஸையும் திறங்க, சார்."

அவர் இட்லிகளைப் பிட்டுப் பிட்டுக் காட்டினார். "எல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு? ரயிலுக்கு நேரமாச்சு, விரலை வை."

"அன்னிக்கு என் டிபன் பாக்ஸ்லயும் எல்லாம் சரியாத்தான் சார் இருந்துச்சு."

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு அவள் கட்டிலில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.