ஈரல் பொருத்தம்

ஜாதகத்தோடு ஈரல் பொருத்தமும் பார்த்துத்தான் மேகலாவைக் கட்டிவைத்தார்கள். கணவன் ராஜவேலுக்கு என்றாவது தேவைப்பட்டால் அவள் கொடுக்க வேண்டும். அதற்காகவே தலைவலிக்குக்கூட மாத்திரை போட விட்டதில்லை.

இப்போது ஏதோ ஓர் அரிய வைரஸ் அவளுடைய ஈரலையே ஒரு வாரத்தில் அழித்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரர் ஈரல் பொருந்தும். இன்னிக்கே ஒரு துண்டு வெச்சா பிழைச்சிடுவீங்க," என்றார் டாக்டர்.

ராஜவேல் தன் அம்மாவைப் பார்த்தான்.

"ஆம்பளப் புள்ள வயித்தக் கிழிக்கவா பொருத்தம் பாத்தோம்?" என்றாள் மாமியார். பிறகு டாக்டரிடம் குரலைத் தாழ்த்தினாள். "இவ தங்கச்சி ஈரல் என் மகனுக்குப் பொருந்துமான்னு பாத்து வைங்க."

மேகலாவுக்குச் சாவு பயம் விட்டுப்போனது. மஞ்சள் பூத்த கண்களைத் திறந்தாள்.

"டாக்டர், உங்க போனைக் குடுங்க. தங்கச்சிய இந்த வீட்டுக்குக் கட்டிக் குடுக்காதன்னு எங்கம்மாகிட்டச் சொல்லணும். எனக்கு நெனவு தப்பறதுக்குள்ள."