பதினோரு வருஷப் படங்கள்

சரசாத்தாளின் மார்பில் ஒரு கட்டி, கண்ணுகளா. படம் எடுக்கப் போனவளை ஆஸ்பத்திரி மெஷின் ஏற்கவில்லை.

“ஒரு ஆயுசுக்கு இவ்வளவு எக்ஸ்ரே கதிர்தான் ஒடம்பு வாங்கலாம்னு விதிச்ச அளவு உங்களுக்கு முடிஞ்சு போச்சுங்க்கா,” என்றாள் படம் எடுக்கும் தமயந்தி.

“நான் எக்ஸ்ரேயே எடுத்ததில்லையே அம்மிணி!”

“நீங்க வேலை செய்யற பனியன் கம்பெனி வாசல் கேட்டுல தெனமும் எடுத்ததா கணக்குல இருக்குதுங்களே.”

பதினோரு வருஷம்! துணி திருடுகிறாளா என்று சாயங்காலம்தோறும் அவள் உடம்பைக் கதிர் விட்டுத் துழாவியிருக்கிறார்கள்.

சரசாத்தாள் நேரே கம்பெனி வாசலுக்குப் போய்க் கத்தினாள்.

“எங்கூட்டுக்காரரே என்னை இத்தன தடவ பாத்ததில்லீங்க! எடுத்த படத்தையெல்லாம் காட்டுங்க. காட்டாம நகர மாட்டேன்!”

வேலை விட்டு வந்த பெண்கள் அவளோடு நின்றுவிட்டார்கள். வாட்ச்மேன் கேட் மெஷினின் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்தில் கட்டி மிளகளவு இருந்தது. போன வருஷம் கொண்டைக்கடலை அளவு. நேற்று எலுமிச்சை.

ஒவ்வொரு நாளும் மெஷின் அதைக் கண்டுபிடித்துச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழேயும் எழுதியிருந்தது:

“துணி அல்ல. போகலாம்.”