மூணு பேர் போதும்

கேப்டனை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, நெஞ்சுப் பட்டையை அவளே இழுத்து மாட்டினாள்.

"மெதுவாம்மா. ஒத்திகைக்கு வந்தவனுக்கு நிஜமாவே காயம் பட்டுடப்போகுது" என்றார் அவர். சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்தார்கள்.

அவளும் சிரித்துவைத்தாள். பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கினாள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் அதிகாரிப் பயிற்சித் துறையில் ஒரு வழக்கம் உண்டு. காயம்பட்டவரைத் தூக்கும் வகுப்பில், காயம்பட்டவராகப் படுப்பது எப்போதும் ஒரு பயிற்சியாளர்தான். கூடப் படிக்கிறவன் படுத்தால் பிள்ளைகள் கிச்சுகிச்சு மூட்டி வகுப்பையே கெடுத்துவிடுவார்கள். யார் படுப்பது என்பது, பாடம் எடுக்கிற அவள் விருப்பம். இந்த முறை கேப்டனைக் கேட்டாள். அதற்கென்ன என்று அவரும் வந்துவிட்டார்.

பயிற்சியாளர்கள் எல்லோருமே படையிலிருந்து வந்தவர்கள். ஒருவர் டாங்கி ஓட்டியவர். ஒருவர் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட்டவர். அவள் ராணுவ ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போட்டவள். பிள்ளைகள் வைத்த பெயர் 'கட்டு மேடம்'. ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் இவர் மலைப் போரிலிருந்து வந்தவர். இவருக்கு 'கணக்கு கேப்டன்'.

அந்தப் பெயருக்குக் காரணம், ஒவ்வொரு வருடமும் முதல் வாரம் அவர் சொல்லும் ஒரு கணக்கு.

கரும்பலகையில் சாய்வாக ஒரு கோடு இழுப்பார். அதன் அடியில் ஒரு சிப்பாய், தொடையில் குண்டு.

"துப்பாக்கிச் சத்தம் நின்னுபோச்சு. சுட ஆளில்ல. ஈர மண்ணு, மேடு, அதுதான் எதிரி. தூக்க என்னையும் சேத்து மூணே பேர். அவனோ நல்ல கனம், என்னைவிடப் பெரிய உடம்பு. முடியுமா? முடியாது. விட்டுட்டு வந்தோம். மனசு சொல்றதக் கேட்டு போர் நடத்த முடியாது தம்பிகளா. கணக்குதான் நடத்தும்."

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளும் கேட்டிருக்கிறாள், வருடம் தவறாமல்.

வகுப்பு முடிந்ததும் நடந்தாள். வளாகம் முழுக்கச் சுற்றி, கரும்பலகைக் கோட்டைப் போலவே சாய்ந்த ஒரு மேட்டைத் தேடினாள். புது நூலகத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணை மைதானத்துக்குப் பின்னால் மலையாகக் கொட்டினார்கள். கேட்காமலே கிடைத்தது மேடு. பிறகு மழைக்குக் காத்திருந்தாள்.

நேற்று பெய்தது.

மேட்டின் அடியில் இருந்த ஸ்ட்ரெச்சரை மாணவர்கள் நாலு பேர் நெருங்கினார்கள்.

"நீ விலகிக்கோ" என்றாள் நாலாவது ஆளிடம். "மூணு பேர் போதும்."

கேப்டனின் சிரிப்பு பாதியில் நின்றது. தலையை மட்டும் தூக்கி மேட்டைப் பார்த்தார். பிறகு அந்த மூன்று பேரைப் பார்த்தார். கண்ணாடி போட்ட ஒரு பெண். சட்டைக்குள் தொலைந்துபோன மாதிரி இரண்டு பையன்கள். வகுப்பிலேயே நோஞ்சான்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள்.

"தூக்குங்க."

பெண் முன்னால், பையன்கள் பின்னால். ஸ்ட்ரெச்சர் எழும்பியது.

அவளும் கூடவே ஏறினாள். இவர்களால் முடியாமல் போனால் அவர் சொன்ன கணக்கு சரி. இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்த வஞ்சம் வீண். அந்தச் சிப்பாய் சாக வேண்டியவன்தான் என்று ஆகிவிடும்.

பாதி மேட்டில் ஒரு பையனுக்குக் கால் வழுக்கியது. ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமாகச் சாய, கேப்டன் பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"போதும், இறக்குங்க" என்றார்.

மூவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மேட்டின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையன் முழங்காலைச் சேற்றில் ஊன்றி, கைப்பிடியைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டான்.

"டேய், காலையில சாப்பிட்டியா இல்லையா? தள்ளு" என்றாள் கண்ணாடிப் பெண், திரும்பாமலே.

தள்ளினான்.

ஏறிவிட்டார்கள்.

உச்சியில் இறக்கி வைத்துவிட்டு மூவரும் நாய் மாதிரி இரைத்தார்கள். இரைத்து முடித்ததும் சிரித்தார்கள்.

"இவ்ளோதானா மேடம்?" என்றான் பையன், முழங்கால் சேற்றை வழித்துக்கொண்டே.

கேப்டன் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். பட்டையை அவிழ்க்கப் போகிறவள் போல அவள் குனிந்தாள்.

"அவன் என்னைவிட கனம்மா" என்றார். அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"இல்ல சார்."

அவர் காதருகே இன்னும் குனிந்தாள்.

"ஸ்கூலுக்கு நடக்க மாட்டேன்னு தினமும் அடம்பிடிப்பான். அக்கா நான்தான் இடுப்புல தூக்கிட்டுப் போவேன். வளந்து ஆளானப்புறமும் என் சட்டைதான் அவனுக்கு. அதுவே தொளதொளன்னு இருக்கும்."

இத்தனை வருடம் ஒரே மேஜையில் டீ குடித்த முகத்தை, அவர் அப்போதுதான் உற்றுப் பார்த்தார். மூக்கில் நின்றது அவர் பார்வை. பிறகு தாடையில். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பட்டையைத் தொடாமல் நிமிர்ந்தாள். மேட்டுக்குக் கீழே வகுப்பு முழுவதும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

"சாரைக் கீழ கொண்டு போங்க" என்றாள். "அடுத்த மூணு பேர், வாங்க."